கடலில் விழுந்த எழுத்து

எங்கள் வீட்டில் சொற்களுக்கு இரண்டு எசமானர்கள் இருந்தார்கள். அப்பா சொல்லை நிறுத்துப் பார்ப்பவர். மாமா சொல்லைப் பட்டமாக விடுபவர். ஒரே பாயில், ஒரே ரசத்துக்கு எதிரெதிரே உட்கார்ந்து, தினமும் சண்டையில்லாத ஒரு சண்டையை இருவரும் போட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே இருவர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். எனக்கு ஏழு வயது. அதுவரை காது குத்தாத ஏழு வயது.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருப்பாராம். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு தடித்த அகராதி உண்டு. வேலை இல்லாத அரைமணியில் மற்ற கிராணிமார் கோப்பி குடிக்கப் போவார்கள். அப்பா ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்து, அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்படி இந்த ஊருக்கு வந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்கெல்லாம் புறப்பட்ட துறைமுகம் எழுதியிருக்கும். சொல்லுக்கும் அப்படி ஒரு துறைமுகம் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை.

மாமா, அம்மாவின் தம்பி, தேக்கா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். கடைக்கு மேலேயே மற்ற ஆட்களோடு படுக்கை. சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. உலகத்துச் சொற்கள் எல்லாமே தமிழிலிருந்து புறப்பட்டவை. வழியில் வெயிலும் மழையும் பட்டு முகம் மாறிப்போனவை. 'ரைஸ்' என்பது அரிசி. 'கட்டமரான்' என்பது கட்டுமரம். அதுவரை அப்பாவும் தலையாட்டுவார். பிறகு மாமா நூலை விட ஆரம்பிப்பார். பட்டம் மேலே மேலே போகும்.

"மச்சான், டாக்ஸிங்கறது என்ன?"

"நீங்களே சொல்லுங்க மாப்ளே."

"தாக்கு! ரோட்டுல போறவனைத் தாக்கிட்டுப் போவுது பாருங்க. தாக்கி, டாக்கி, டாக்ஸி."

அப்பா ரசத்தைக் கையில் ஏந்தியபடி கண்ணை மூடிக்கொள்வார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நான் சிரித்து எனக்குப் புரையேறும். மாமா என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே, "பாரு, உங்கப்பாவுக்குப் பொறாமை" என்பார்.

அம்மாவுக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் பிறந்த வீடு என்று எதுவும் இல்லை. ஓர் ஆள்தான் இருந்தார். அந்தப் பிறந்த வீடு சட்டை மாட்டிக்கொண்டு, கடை அடைத்ததும் சிராங்கூன் ரோட்டைக் கடந்து, எங்கள் மரப்படிகளில் திடுதிடுவென்று ஏறி வந்து, "அக்கா, பசிக்குது" என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவாள். அப்பா எவ்வளவு முன்னதாக வந்திருந்தாலும் சரி.

காது குத்தும் கதைக்கு வருகிறேன். ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒன்றில் எனக்குக் காய்ச்சல். மூன்றில் அம்மை. ஐந்தில் பத்தர், அதாவது நகை செய்கிறவர், கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அவர் கையைத் தவிர வேறு கையை அம்மா நம்பவில்லை. ஆக ஏழு. இந்தத் தையை விட்டால் ஒன்பது. வகுப்பில் என்னைத் தவிர எல்லாப் பிள்ளைகளின் காதிலும் ஏதோ ஒன்று மின்னியது. அதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. எனக்கு ஊசி என்றால் பயம். பத்தர் எங்கள் சந்தில் நடந்து வருவதைப் பார்த்தாலே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். புதுத் துணியும் சீர்த்தட்டும் அவர்தான் கொண்டுவர வேண்டும். அவர் மடியில்லாமல் குத்தினால் அது காதுகுத்து இல்லை, காதில் ஓட்டை, அவ்வளவுதான். அந்தத் தை மாதக் கடைசியில் நாள் பார்த்தாயிற்று. நடுவில் பொங்கல் வந்தது.

எங்கள் சந்து முனையில் ஒரு படிப்பகம் இருந்தது. நாலு பெஞ்சு, கொஞ்சம் பத்திரிகைகள், நிறைய வாக்குவாதம். பொங்கலன்று அதன் முன்னால் பாய் விரித்து, மைக் கட்டி, ஒரு கூட்டம் போடுவார்கள். மைக் முதலில் விசில் அடிக்கும், பிறகு இருமும், பிறகுதான் பேசும். அந்த வருஷம் மாமா பேசினார். 'உலக மொழிகளுக்குள் உறங்கும் தமிழ்' என்பது தலைப்பு. கடையிலிருந்து புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சரிகைக் கரை விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு முன்னால் போய் மேடை ஏறியது.

"தமிழன் கலம் செல்லாத கடல் இல்லை! கலம் சென்ற கரையெல்லாம் நம் சொல்லும் இறங்கியது!" என்று ஆரம்பித்தார். வீட்டில் ரசம் குடிக்கும் மாமா இல்லை அவர். எனக்குப் பெருமையில் மயிர் கூச்செறிந்தது. கூட்டம் கை தட்டியது. அப்போது பின்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். எதையாவது கிளறிவிடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"அண்ணே! காலையில இங்கிலீஷ் பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தான் பாத்தீங்களா? யூனியன் ரெண்டா ஒடைஞ்சதுக்கு, ரிஃப்ட்டுன்னு. அது எந்தூருத் தமிழ் லா?"

மாமா தண்ணீர் குடித்தார். பிறகு அவர் முகத்தில், டாக்ஸியைப் பிடித்த அன்று வந்த அதே வெளிச்சம் வந்தது.

"பிரிவு!" என்றார். "பிரிவுங்கற சொல்லு நம்ம கரையில கப்பல் ஏறிச்சு. பாதிக் கடல்ல புயல். ஆட்டத்துல 'பி' தவறித் தண்ணியில விழுந்துடுச்சு. மிச்சம் இருந்தது 'ரிவு'. அவன் ஊருல எறங்கினா ஒரே குளிரு. பல்லு அடிச்சுக்குது. ரிவு... ரிஃப்... ரிஃப்ட்!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மருந்துக்கடைக்காரரே விசில் அடித்தார். அந்த ராத்திரியோடு எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் படிப்பகத் தலைவர், ஆங்கிலம் படித்த மனிதர் ஒருவர் நன்றி சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா தயங்கித் தயங்கித்தான் போனார். ஆனால் மைக் முன்னால் நின்றதும் அவருக்குள் இருந்த தராசு விழித்துக்கொண்டது. அன்று காலை, பேப்பரில் அந்தக் கொட்டை எழுத்தைப் பார்த்ததுமே, அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நல்ல மனிதர்களுக்கும் அப்படி ஒரு சாயங்காலம் வந்துவிடும்.

ரிஃப்ட் என்ற சொல் நம் கடலில் புறப்பட்டதில்லை என்றார். வடக்கே, பனிக்கடலில் ஓடங்கள் ஓட்டியவர்களின் பழைய பேச்சிலிருந்து வந்தது. கிழிப்பது என்பது அதன் வேர். பாறையில் விழும் வெடிப்புக்கும் அதுதான் பெயர். மேகங்கள் விலகி நடுவே வானம் தெரிகிறதே, அந்த இடைவெளிக்கும் அதுதான். பழகிய மனிதர்களுக்குள் விழும் விரிசலுக்கு அந்தச் சொல் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. அமைதி அப்பாவுக்குப் பழக்கமில்லை. அதைக் கலகலப்பாக்க நினைத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க மாப்பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில நாளெல்லாம் துணியைக் கிழிச்சுப் பழகின கை. இன்னிக்கு இங்கிலீஷையும் சேர்த்துக் கிழிச்சுட்டாரு."

மாமாவுக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பெரிய சிரிப்பு. பாயில் உருண்டு சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், உதடு மட்டும். வேட்டியின் சரிகைக் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது, வலித்தது.

மறுநாள் மரப்படியில் திடுதிடு சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அம்மா மாமாவின் தட்டை எடுத்து வைப்பாள். அது காலியாகவே பாயில் கிடக்கும். "கடையில வேலை இருக்கும்" என்று அப்பா அந்தத் தட்டிடம் சொல்வார்.

அந்தச் சொல்லின் மூன்று அர்த்தங்களையும் பிற்பாடு நான் நிறையப் பார்த்துவிட்டேன். மலைப்பாதை ஒன்றில், ஒரு பாறை நடுவே பிளந்து நிற்க, அதற்குள்ளிருந்து ஒரு செடி எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்து மாலையில், துறைமுகத்துக்கு மேலே மேகம் விலகி, ஒரே ஒரு கப்பலின் மேல் மட்டும் வெயில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது அர்த்தத்தைச் சொல்லி மாளாது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததற்கு யாரும் வடகடல் மொழியில் பெயர் தேடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "பேச்சுவார்த்தை இல்லையாமே?" என்றுதான் கேட்டார்கள். அம்மா, "யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

எனக்கு இரண்டு மனசு. மாமா இல்லாத சாப்பாடு உப்பில்லாமல் இருந்தது. ஆனால் மாமா இல்லாவிட்டால் மடி இல்லை, மடி இல்லாவிட்டால் ஊசி இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, மாமா வர வேண்டும், ஆனால் தை போன பிறகு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டாள். "என்னங்க, காதுகுத்துக்கு நாள் நெருங்குது. நீங்க ஒரு வார்த்தை போய்ச் சொன்னா..."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? இருக்கறதைத்தானே சொன்னேன்?"

"சொல்லு சரிதாங்க. துணியை ஏன் இழுத்தீங்க?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "மடி மடின்னு ஏன் அடிச்சுக்கற? புள்ள உக்கார ஒரு எடம் வேணும், அவ்வளவுதானே. ஒரு நாற்காலி போதும்."

அம்மா நிதானமாகக் கேட்டாள்: "நாற்காலியை நான் தம்பின்னு கூப்புட முடியுமா?"

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி அப்பாவிடம் பேசவில்லை. மறுநாளிலிருந்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடுக்குச் சட்டி ஒன்றில் சோறும் குழம்பும் கட்டி என் கையில் கொடுத்தாள். கடைவரிசையின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் அஞ்சடி நடைபாதையில், வெயில் படாமல், மிளகாய் அரைக்கும் மில்லைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி நடந்து போனால் மாமாவின் கடை. அவர் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். "அக்கா கையால உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். மிச்சம் வைக்க மாட்டார். கழுவித் திருப்பித் தருவார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா? ஒருநாள் ஒரு பிடி சர்க்கரை. ஒருநாள் ரிப்பன் துண்டு. சீனப் பெருநாள் நெருங்கியிருந்ததால் ஒருநாள் இரண்டு ஆரஞ்சு. அம்மா வாசலிலேயே நின்று மூடியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே விடுவாள். அக்காவும் தம்பியும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் நான் போனபோது பத்தர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய பட்டறை அடுத்த கடைதான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மாமாவிடம் சொன்னார்: "நீ வந்தா என்ன, வராட்டி என்னப்பா? உன் மச்சான்தான் நாற்காலி போதும்னுட்டாராமே. என்னைக்கூட ஒண்ணு கொண்டாரச் சொல்லுவாரு போல."

பலகைச் சுவர் வீட்டில் சொன்ன சொல் எங்கே நிற்கும்? பக்கத்து அறைக்குப் போய், படியிறங்கி, தேக்கா வரை வந்துவிட்டிருந்தது.

மாமா வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி நாகூர்ப் பக்கத்து ராவுத்தர். தூரத்து ஊரான ஈப்போவில் புதுக்கடை திறக்கப்போகிறார், நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மாமாவை வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவை விட்டு வர முடியாது என்று மாமா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ஈப்போவுக்கு எப்ப ஆள் வேணும்?" என்று கேட்டார்.

அன்று சட்டி கழுவாமல் வந்தது. ஒன்றும் போடாமலும் வந்தது. அம்மா மூடியைத் திறந்தாள். ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிப் பார்த்தாள். கடைசி அடுக்கைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். "மாமா ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள். ஈப்போ என்றேன். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு நேராகப் பேசுவதில்லை. அப்பா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அம்மா என்னிடம், "அப்பாவைச் சாப்புட வரச் சொல்லு" என்பாள். நான் திரும்பி, "அப்பா, சாப்புட வரச் சொன்னாங்க" என்பேன். "வரேன்னு சொல்லு." "வராராம்." எனக்கு இது விளையாட்டாக இருந்தது. இரண்டு நாட்டுக்கு நடுவில் தபால்காரியாக இருப்பதில் ஒரு கர்வம்கூட இருந்தது. குழம்பில் உப்பே இல்லை. அதைச் சொல்லி அனுப்ப அப்பாவுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த அப்பா கால்சட்டையைக்கூட மாற்றாமல் என் கையைப் பிடித்தார். "வா, பாவாடைத் துணி எடுத்துட்டு வருவோம்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

மாமாவின் கடைக்குள் அப்பா நுழைந்தபோது ராவுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மாமா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். கைகளை மேசைமேல் வைத்து, எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்பது போலக் கேட்டார்:

"வாங்க சார். என்ன பாக்கறீங்க?"

சார் என்ற சொல் அப்பாவின் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். அப்பா அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாவாடைத் துணி வேணும்."

"யாருக்கு சார்?"

"இவளுக்கு."

"என்ன விசேஷம் சார்?"

"காதுகுத்து."

மாமா திரும்பி, அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார். பச்சை, ஊதா, மாம்பழ நிறம். கட்டுகள் மேசைமேல் தொப் தொப்பென்று விழுந்தன. என்னை அவர் பார்க்கவே இல்லை. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசித்தேன். மேசை நடுவில் இருந்தது.

"நாற்காலி போதும்னு கேள்விப்பட்டேனே" என்றார் மாமா, துணியை விரித்தபடி.

அப்பா மாம்பழ நிறத்தைத் தொட்டுப் பார்த்தார். ஊதாவைத் தொட்டுப் பார்த்தார். பச்சைக்கு வந்தார். மறுபடி மாம்பழத்துக்குப் போனார். துணியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"நாற்காலிக்குக் கலர் பாத்து எடுக்கத் தெரியாது, மாப்ளே" என்றார்.

ராவுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "அல்லா! என்னப்பா இது, மச்சானும் மச்சானும் கோர்ட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? ஏவாரம் நடக்கற எடம். கிழிக்கறதுன்னா கிழி, இல்லாட்டி மடிச்சு வை."

மாமா மாம்பழ நிறத்தை இழுத்தார். அளவுகோலை வைத்து அளந்தார். கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று அந்தச் சத்தம் கடை முழுவதும் ஓடியது. துணிக்குள் ஏற்கெனவே ஒரு கோடு தூங்கிக்கொண்டிருந்தது போலவும் மாமா அதைத் தட்டி எழுப்பியது போலவும் இருந்தது. கிழிந்த ஓரம் ரூல் போட்டது போல நேராக இருந்தது.

அப்பா அந்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவு நேரா எனக்கு வராது" என்றார். பிறகு, மைக் இல்லாத சின்னக் குரலில், "அன்னிக்கு எனக்குக் கோணலாப் போச்சு" என்றார்.

மாமா துணியை மடித்தார். மடிப்பின்மேல் மடிப்பு. காகிதத்தில் சுற்றவில்லை, தன் பக்கமாகவே இழுத்து வைத்துக்கொண்டார்.

"பில்லு?" என்றார் அப்பா.

"தாய்மாமன் சீருக்கு மச்சான்கிட்ட பில்லு போடறதா? நல்லா இருக்கு நியாயம்." அப்போதுதான் என்னைப் பார்த்தார். "என்ன பாப்பா, காதைப் பொத்திக்கிட்டு நிக்கற? இன்னிக்கு இல்ல, போ."

அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு கையும் காதில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் மாமா சீர்த்தட்டோடு வந்து நின்றார். தட்டில் மாம்பழ நிறப் பாவாடைத் துணி, பழம், கற்கண்டு, நடுவில் ஒரு சின்னச் சிமிழில் தோடு. அம்மா தட்டை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இளைச்சுட்டே" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் பத்தர் வந்தார். பின்னால் ஓர் ஆள், கோப்பிக்கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கேட்டீங்களேன்னு கொண்டாந்தேன்" என்றார் பத்தர்.

மாமா நாற்காலியைப் பார்த்தார். அப்பா தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார். அம்மாதான் நாற்காலியை வாங்கி, தூண் ஓரமாகப் போட்டு, பல நாள் கழித்து அப்பாவிடம் நேராகப் பேசினாள்: "நீங்க உக்காருங்க அதுல."

அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும், வகுப்பில் தண்டிக்கப்பட்ட பையன் போல நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தரைத் தவிர எல்லோரும் வேறெங்கோ பார்த்துச் சிரித்தார்கள். நான் மாமா மடியில் உட்கார்ந்தேன். அந்த மடி நடுங்கியது. பயம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

வாயில் வெல்லத்தை அடைத்தார்கள். வலது காது. ஒரு நெருப்பு உள்ளே போய் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. வெல்லத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன். மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. இடது காதுக்கு நான் தலையைக் கொடுக்கவில்லை. உதைத்தேன், கடித்தேன், பத்தரின் கையைத் தட்டிவிட்டேன். "ஒத்தைக் காதோட விட்டுடுவோமா?" என்றார் பத்தர். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது தூண் ஓரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மாப்ளே. இயர்ங்கறாங்களே இங்கிலீஷ்ல, காதுக்கு. அது எங்கேருந்து வந்துச்சு?"

மாமா கண்ணைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். கேலியா என்று தேடினார். நானும் அழுகையை நிறுத்திவிட்டேன், விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மாமாவின் மடியில் நடுக்கம் நின்றது. அந்த வெளிச்சம் மெல்ல, மெல்ல, அவர் முகத்துக்கு வந்தது.

"ஈர்!" என்றார். "ஈர்க்கறது. ஒலகத்துச் சத்தத்தையெல்லாம் தன் பக்கம் ஈர்த்துக்குது இல்ல காது? ஈர்... இயர்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் இடது காதில் நெருப்பு போய் வந்துவிட்டது. எனக்குக் கத்தத் தோன்றவில்லை. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரின் கைகூட நின்றது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் பாய் விரித்து இலை போட்டார்கள். மாமா வேண்டாம் வேண்டாம் என்று கையை மறைத்துக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்கினார். "ஈப்போவுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன், அக்கா. அங்க ரசம் சரியில்லையாம்" என்றார். அம்மா அவரைத் திட்டினாள். கடைச் சாப்பாடு சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்கு, வேட்டியில் குங்குமம் பட்டதற்கு, எல்லாவற்றுக்கும் திட்டினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா சன்னலோரம் நின்றிருந்தார். நான் போய் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நெசமாவா? ஈர்லேருந்துதான் இயர் வந்துச்சா?"

அப்பா உள்ளே பார்த்தார். அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு குனிந்து, என் காதருகே வாயைக் கொண்டுவந்தார். பதில் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மெல்ல ஊதிவிட்டார்.

"எரியுதா?" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாம் தெரிந்த அப்பாவுக்கு இது தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் மாமாவிடம் தோற்றுப்போய், அதை மறைக்கத்தான் என் காதில் ஊதிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கேட்டுவந்து, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அப்பாவுக்கு மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.